உள்ளூர் கால்பந்து கிளப்பின் ரசிகர் கூட்டத்தில் ஒருவர் ஆவது எப்படி?

வாசகர் ஒருவரின் கேள்வி சுருக்கமாக இதுதான்: வேலைக்காகப் புது ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. பேச்சுத் துணைக்கு ஆளில்லை. உள்ளூர் கால்பந்து கிளப்பின் ஹோம் மேட்ச்களுக்குத் தனியாகப் போய் வருகிறார். ஆட்டம் பிடித்திருக்கிறது. ஆனால் அங்கே எல்லாரும் ஏற்கெனவே ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். இவர் மட்டும் கல்யாண வீட்டில் எந்தப் பக்கத்து உறவு என்று சொல்லத் தெரியாதவர் மாதிரி ஓரமாக நிற்கிறார். கால்பந்தும் பெரிதாகத் தெரியாதாம். எப்படி உள்ளே போவது என்று கேட்கிறார்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆட்டத்துக்குப் போகிறீர்கள், கூட்டத்துக்கு இன்னும் போகவில்லை. இரண்டும் ஒரே ஸ்டேடியத்தில் நடப்பதால் ஒன்றுதான் என்று தோன்றும். முதல் விசில் ஊதும்போது உள்ளே வந்து, கடைசி விசில் ஊதியதும் நெரிசலுக்கு முன் கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. பத்து வருடம் வந்தாலும் பக்கத்து சீட்காரர் பெயர் அவர்களுக்குத் தெரியாது. அதில் தப்பு ஒன்றும் இல்லை, அவர்களுக்கு வேண்டியது ஆட்டம். உங்களுக்கு வேண்டியது வேறு. அது நடப்பது ஆட்டத்துக்கு முந்தின ஒரு மணி நேரத்திலும் பிந்தின அரை மணி நேரத்திலும்தான்.

இதற்கு ஒரு கணக்குக்கூட இருக்கிறது. அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால், புது ஊருக்குக் குடிவந்தவர்களையும் புதிதாகக் கல்லூரியில் சேர்ந்தவர்களையும் வைத்து, ஒரு நட்பு உண்டாக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்த்தார். 2018இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, முகம் தெரிந்தவர் என்ற நிலை சாதாரண நட்பாக மாற ஏறக்குறைய 50 மணி நேரம் ஆகிறது. நண்பர் என்று வாய்விட்டுச் சொல்ல 90 மணி நேரம். நெருங்கிய நண்பர் ஆவதற்கு 200 மணி நேரத்துக்கு மேல்.

இதை நம் விஷயத்துக்குப் போட்டுப் பாருங்கள். 18 அணிகள் ஆடும் லீக்கில் ஒரு சீசனுக்கு 17 ஹோம் மேட்ச். இடைவேளையும் சேர்த்து ஒரு மேட்சுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தால் 34 மணி நேரம். ஒரு சீசன் முழுக்க ஒரு நாள்கூட விடாமல் போனாலும் 50ஐத் தொட முடியாது. அதிலும் ஆட்டத்தின்போது கண் பந்தின் மேல், காது டிரம்மின் மேல், பேச்சுக்கு எங்கே இடம்? ஒரு மணி நேரம் முன்னால் போய், அரை மணி நேரம் பின்னால் நின்றால், அதே 17 மேட்ச் 60 மணி நேரம் ஆகிவிடும். எட்டு மாதமாக யாரும் சிக்கவில்லை என்று நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். உங்களிடம் குறை ஒன்றுமில்லை, மணிக்கணக்கு இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது, இடம். ஒவ்வொரு மேட்சுக்கும் ஒரே இடத்தில் நில்லுங்கள் அல்லது உட்காருங்கள். கேட்க அற்ப விஷயமாகத் தோன்றும். என் முதல் சீசனில் நான் இதைத்தான் கோட்டை விட்டேன். ஒரு வாரம் நடுக்கோட்டுக்கு நேராக, ஒரு வாரம் மேல் அடுக்கு, ஒரு வாரம் கோல் போஸ்டுக்குப் பின்னால் என்று நல்ல பார்வை தேடி அலைந்தேன். ஆட்டம் நன்றாகத் தெரிந்தது, நான்தான் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. இரண்டாவது சீசனில் கோல் போஸ்டுக்குப் பின்னால், இடது ஓரத்தில், பெயிண்ட் உரிந்த ஒரு கம்பிக்குப் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தேன். அங்கே வயதானவர் ஒருவர், மடித்த செய்தித்தாளைப் படிக்கட்டில் விரித்து அதன்மேல்தான் உட்காருவார். நான்காவது மேட்சில் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அதற்கப்புறம் இரண்டு மாதத்துக்குத் தலையசைப்பு மட்டும்தான். நடுவில் வீட்டில் உடம்பு சரியில்லாமல் இரண்டு மேட்ச் போக முடியவில்லை. மூன்றாவதுக்குப் போனபோது செய்தித்தாளில் பாதியைக் கிழித்து என் பக்கம் நீட்டினார். "என்ன, ரெண்டு ஆட்டமா ஆளையே காணோம்?" என்றார். அந்தப் பெரிய ஊரில் நான் இல்லாததைக் கவனித்த முதல் ஆள் அவர்தான். என் அலுவலகத்தில்கூட அந்த இரண்டு வாரமும் யாரும் கேட்கவில்லை.

பக்கம் பக்கமாக இருந்தால் நட்பு தானாக வரும் என்பது பழைய ஆராய்ச்சிச் செய்திதான். லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர் குடியிருப்பில் நடத்திய ஆய்வு 1950இல் புத்தகமாக வந்தது. அடுத்த வீட்டுக்காரரை நண்பர் என்று சொன்னவர்கள் 41 சதவீதம். அதே மாடியில், அதே வராண்டாவின் இரண்டு கோடியில் இருந்தவர்களுக்குள் வெறும் 10 சதவீதம். இடையில் சில கதவுகள்தான்! ஸ்டேடியத்திலும் அப்படித்தான், நாலு வரிசை தள்ளிப் போனால் வேறு ஊர். அதனால் கையில் காசு இருந்தால், எண்ணிட்ட சீட்டுள்ள மைதானத்தில் சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள். அதில் கிடைக்கும் தள்ளுபடியைவிட, வருடம் முழுக்க அதே அக்கம்பக்கத்தோடு உட்காருவதுதான் லாபம்.

எந்தக் கிளப் என்ற கேள்வியும் உண்டு. உங்கள் ஊரில் பெரிய லீக் அணியும் அதற்குக் கீழே ஒன்றிரண்டு சிறிய அணிகளும் இருந்தால், யோசிக்காமல் சிறியதிடம் போங்கள். ஐம்பதாயிரம் பேர் வருகிற இடத்தில் உங்களை மறுபடி பார்ப்பதே அபூர்வம். ஐந்நூறு பேர் வருகிற இடத்தில் மூன்றாவது வாரமே நீங்கள் பழைய முகம். கீழ் டிவிஷன் கிளப்கள் பலவும் தன்னார்வலர்கள் தோளில்தான் ஓடுகின்றன. நுழைவாயிலில் டிக்கெட் கிழிப்பவர், ஸ்கோர் போர்டை மாற்றுபவர், கோட்டுக்குச் சுண்ணாம்பு இழுப்பவர் எல்லாரும் சம்பளமில்லாமல் வருகிறவர்களாக இருப்பார்கள். ஆட்டம் முடிந்து அரை மணி நேரத்தில் கோல் கீப்பரே தோளில் பையை மாட்டிக்கொண்டு உங்களைத் தாண்டிப் போவார், 'நல்லா பிடிச்சீங்க' என்று சொல்லலாம். பெண்கள் அணியின் ஆட்டங்களையும் விட்டுவிடாதீர்கள். பல இடங்களில் அங்கே கூட்டம் குறைவு, குழந்தைகளோடு வருகிறவர்கள் அதிகம், பேச்சுக் கொடுப்பது எளிது.

டிவியில் பார்க்கிற தூரதேச அணிமேல் உயிரை வைத்திருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் ஒன்று உண்டு. ஆனால் அது தருவது வேறு. விளையாட்டு ரசிகர்களின் மனநிலையைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் டேனியல் வான், உள்ளூர் அணியோடு ஒட்டிக்கொண்டவர்களிடம் தனிமை உணர்வு குறைவாகவும் சமூக நலம் கூடுதலாகவும் இருப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டார். தூரத்து அணி ரசிகர்களிடம் அந்தத் தொடர்பு அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை. காரணம் யூகிக்கக்கூடியதுதான்: உள்ளூர் அணியின் ஸ்கார்ஃபைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் எதிரே வருகிறவரிடமும் அதே ஸ்கார்ஃப் இருக்க வாய்ப்புண்டு. அதைவிட முக்கியம், ஆட்டம் முடிந்து நீங்கள் திரும்பும் பஸ்ஸிலேயே அவரும் ஏறுவார்.

சரி, இப்போது அந்தச் சத்தக்காரப் பகுதிக்கு வருவோம். கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்றுகொண்டே தொண்டை கிழியக் கத்துகிறார்களே, அவர்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் கட்டுக்கோப்பான படை மாதிரி இருக்கும், பயமாகவும் இருக்கும். குரோஷியாவின் ஸ்ப்ளிட் நகரத்தில் ஹய்டுக் அணிக்காக 1950இல் தோன்றிய டோர்சிடாதான் ஐரோப்பாவில் இந்த மாதிரி ரசிகர் அமைப்புகளில் மூத்தது என்பார்கள். இத்தாலியில் 1960களின் கடைசியில் கிளம்பிய அல்ட்ராஸ் என்கிற தீவிர ரசிகர் குழு வழக்கம் அதற்கப்புறம் உலகம் முழுக்கப் பரவியது. ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப் ஸ்டேடியத்தில் தெற்கு கேலரியில் மட்டும் ஏறக்குறைய 25,000 பேர் நின்று பார்க்கிறார்கள். இவ்வளவு பெரிதாகச் சொன்னாலும், உள்ளே போய்ப் பார்த்தால் வேலை செய்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர்தான் இருப்பார்கள். மற்றவர்கள் எல்லாரும் உங்களை மாதிரி ஒருநாள் வந்து நின்றவர்கள்.

நடைமுறை இதுதான். முன்னால் உயரமான ஒரு மேடையிலோ வேலியிலோ ஏறி, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார். அவரைக் காப்போ என்பார்கள். எந்தப் பாட்டு, எப்போது, எவ்வளவு வேகம் என்று தீர்மானிப்பவர் அவர். பாவம், ஆட்டத்தில் பாதியை அவர் பார்ப்பதே இல்லை, கோல் விழுந்ததை எதிரே நிற்பவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். அவருக்குக் கீழே டிரம். டிரம்மைச் சுற்றி எப்போதும் வருகிறவர்கள். அங்கிருந்து தள்ளிப் போகப் போகச் சத்தம் குறையும். புதிதாகப் போகிறவர் டிரம்முக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டாம், கடைசி வரிசையின் ஓரமும் வேண்டாம். நடுவில், டிரம்மிலிருந்து ஆறேழு வரிசை பின்னால் நில்லுங்கள். பாட்டு அங்கே தெளிவாகக் கேட்கும், வார்த்தை தெரியாமல் வாயசைத்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். பெரும்பாலான கோஷங்கள் நாலே வரிதான், இரண்டாவது முறை வரும்போது பிடித்துவிடலாம். மூன்று கோஷம் தெரிந்தால் ஒரு மேட்சை ஓட்டிவிடலாம்.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. போனைத் தூக்கிப் பிடித்து நாற்பது நிமிடம் வீடியோ எடுப்பவரை அங்கே யாருக்கும் பிடிக்காது. சில இடங்களில் முகம் தெரியப் படம் எடுப்பதையே விரும்ப மாட்டார்கள், கேட்டுவிட்டு எடுங்கள். முதல் மாதமே நீங்களாக ஒரு கோஷத்தைத் தொடங்காதீர்கள். தொடங்கி, யாரும் சேர்ந்துகொள்ளாமல் அது நடுவழியில் சாகும்போது தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருக்கும். எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு கிறுக்கு வழக்கம் இருக்கும், அதைச் சீக்கிரம் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் போர்ட்லேண்ட் டிம்பர்ஸ் அணியில், சொந்த அணி கோல் போட்டால் ஒருவர் சங்கிலி ரம்பத்தை எடுத்துப் பெரிய மரத்துண்டு ஒன்றிலிருந்து ஒரு வட்டத் துண்டை அறுப்பார். ஆட்டம் முடிந்ததும் கோல் போட்டவர் அதைத் தூக்கிக் காட்டுவார். வெளியாளுக்கு இது பைத்தியக்காரத்தனம். உள்ளே இருப்பவருக்கு, அந்த ரம்பச் சத்தம் கேட்கவில்லை என்றால் கோல் விழுந்த மாதிரியே இருக்காது. உங்கள் கிளப்பில் இப்படி எது உண்டு என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள். 'இந்தப் பாட்டை ஏன் 12வது நிமிஷத்துல பாடுறாங்க?' என்ற ஒரு கேள்வி போதும், அவர் பதினைந்து நிமிடம் பேசுவார். பழைய ரசிகருக்குப் புதியவரிடம் கதை சொல்வதைவிடப் பிடித்த வேலை வேறில்லை.

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பது. ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு வராதவர்களுக்கு, கூச்சப்படுகிறவர்களுக்கு, 'எல்லாரும் ஏற்கெனவே நண்பர்கள்' என்று ஒதுங்குகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. கையில் வேலை இருந்தால் பேச்சுக்கு விஷயம் தேட வேண்டாம். ரசிகர் குழுக்களில் எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். டிரம்மைத் தூக்க, பேனரைக் கட்ட, ஆட்டம் முடிந்ததும் அவிழ்த்து மடிக்க, ஸ்கார்ஃப் விற்கிற மேசையில் உட்கார, வெளியூர் பஸ்ஸுக்குப் பெயர் எழுத என்று வேலைக்குப் பஞ்சமில்லை. மடிக்கிற வேலைக்குத்தான் யாரும் வர மாட்டார்கள், அதற்குப் போங்கள்.

நான் உள்ளே நுழைந்தது பெரிய பேனர் ஒன்றின் வழியாக. டிஃபோ என்பார்கள், கேலரியையே மூடுகிற மாதிரி ஏறும் ஓவியத்துணி. அதை எப்படி வரைவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. முதலில் கட்டம் போட்ட தாளில் சின்னதாக வரைவார்கள். அப்புறம் ஒரு கூடத்தின் தரையில் துணிகளைத் தைத்து விரித்து, சுண்ணாம்புப் பொடி தடவிய நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். அப்படியே துணி முழுக்கக் கட்டம். தாளில் சி-7 கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதைத் துணியின் சி-7இல் பெரிதாக வரைய வேண்டும். என் பங்குக்கு மூன்று கட்டம், மூன்றிலும் வெறும் கறுப்பு. எதிரணியின் தலையோ நம் சின்னத்தின் வாலோ தெரியாது, முட்டி போட்டுக் கறுப்பு அடித்துக்கொண்டே இருந்தேன். பக்கத்துக் கட்டத்தில் ஒரு நர்ஸ், இரவு டியூட்டி முடித்து நேராக வந்திருந்தார். எதிர்ப்பக்கம் பள்ளிக்கூடப் பையன் ஒருவன். ராத்திரி இரண்டு மணி வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் பேசியதில் கால்பந்து பத்து நிமிடம் இருந்தால் அதிகம். முழுப் படத்தையும் நான் பார்த்தது மறுநாள், அது கயிற்றில் ஏறும்போதுதான். அப்போதுதான் தெரிந்தது, கிளப் தொடங்கிய வருடத்தின் கடைசி இரண்டு எண்களும் இடம் மாறியிருந்தன. நாற்பது பேர் வேலை செய்த துணி, ஒருவரும் கவனிக்கவில்லை. எதிரணி ரசிகர்கள்தான் விரல் விட்டு எண்ணிக் காட்டினார்கள். அந்தப் பேனர் இன்னும் இருக்கிறது, ஒவ்வொரு ஆண்டு விழாவுக்கும் அதே தப்போடு ஏற்றுகிறோம். திருத்தலாம் என்று யாராவது சொன்னால் அடிக்க வருவார்கள்.

பெரிய அளவில் இதற்கு உதாரணம் வேண்டுமென்றால் பெர்லினின் யூனியன் கிளப். 2008-09இல் அவர்களுடைய பழைய ஸ்டேடியத்தைச் சீரமைக்க வேண்டியிருந்தது, பணம் போதவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு தாங்களே வேலைக்கு இறங்கினார்கள். மொத்தம் சுமார் 1,40,000 மணி நேர உழைப்பு. ஆளுக்குச் சராசரி 50 மணி நேரத்துக்கு மேல் வரும். மேலே சொன்ன ஹாலின் கணக்கை நினைத்துப் பாருங்கள், படிக்கட்டுக்குக் கான்கிரீட் போடும்போதே அவர்கள் நட்புக் கணக்கையும் முடித்துவிட்டார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் சிட்டி கிளப்பில் 2016இல் ரசிகர்களும் ஊர்க்காரர்களும் ஏழு லட்சம் டாலருக்கு மேல் முதலீடாகக் கொடுத்து, கீவொர்த் என்ற பழைய மைதானத்தைப் புதுப்பித்தார்கள். உங்கள் கிளப்பில் இவ்வளவு பெரிதாக ஒன்றும் இருக்காது. கயிற்றின் ஒரு முனை இருக்கும், அதைப் பிடித்தால் சரி.

வெளியூர் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியூர் பஸ்ஸில் ஒருமுறை போய் வருவது ஐந்து ஹோம் மேட்சுக்குச் சமம். போக நாலு மணி, வர நாலு மணி, நடுவில் ஆட்டம். பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்தாலும் பேசித்தான் ஆக வேண்டும். வெளியூரில் நம் கூட்டம் ஐம்பது பேர்தான், அவர்கள் கூட்டம் ஆயிரம். அந்த ஐம்பதில் 'இவர் யார், புதுசா?' என்று யாரும் பிரித்துப் பார்க்க நேரமிருக்காது. முதல் சீசனிலேயே ஒன்றாவது போங்கள். எதிரணியோடு வழக்கமாகத் தகராறு நடக்கிற ஆட்டமாக அது இருக்க வேண்டாம், அதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தோற்கிற நாளில் உடனே கிளம்பாதீர்கள். 1976இல் உளவியலாளர் ராபர்ட் சியால்டினி வெளியிட்ட ஒரு ஆய்வு ரசிகர் உலகத்தில் ரொம்பப் பிரபலம். கல்லூரி அணி ஜெயித்த வாரம் மாணவர்கள் கல்லூரிப் பெயர் போட்ட சட்டையை அதிகம் போட்டார்கள். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், ஜெயித்தபோது 'நாம ஜெயிச்சோம்', தோற்றபோது 'அவங்க தோத்துட்டாங்க'. மனித சுபாவம்தான். அதனால்தான் தோற்ற நாளில் கடைசி வரை நிற்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். கூட்டம் குறைவு, அவசரம் இல்லை, யாருக்கும் வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. எனக்கு இன்றுவரை பழக்கத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் ஒரு மழைநாள் ஐந்து கோல் தோல்விக்குப் பிறகு கூரைக்குக் கீழே ஒதுங்கியபோது பேச ஆரம்பித்தவர்கள்.

தோல்வியிலிருந்தே ஒரு கிளப் தொடங்கிய கதையும் உண்டு. 2002 மே மாதத்தில், லண்டனின் விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸ் நகரத்துக்கு மாற்ற அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் கொதித்துப்போய், அணி போனால் போகட்டும், நாமே ஒன்று தொடங்குவோம் என்று ஏ.எஃப்.சி. விம்பிள்டனைத் தொடங்கினார்கள். ஊர்ப் பொதுவெளியில் தேர்வு வைத்து ஆட்களைப் பொறுக்கினார்கள். ஜூலையில் சட்டன் யுனைட்டெட்டோடு முதல் ஆட்டம், 4-0 என்று தோற்றது. பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். கீழ்மட்ட லீக்கிலிருந்து ஏறி, 2011இல் தொழில்முறை லீக்குக்குள் நுழைந்தது. 2020இல் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே சொந்த ஸ்டேடியத்துக்குத் திரும்பியது. இன்றும் பெரும்பான்மைப் பங்கு ரசிகர் அறக்கட்டளையிடம்தான்.

உங்கள் கிளப்பில் ரசிகர் குழுவே இல்லை என்றால்? அதுவும் நடக்கும், சின்ன கிளப்களில் சகஜம். அப்போது நீங்களே தொடங்க வேண்டியதுதான். பயப்படாதீர்கள், பெயர், சின்னம், விதிமுறை எதுவும் முதலில் வேண்டாம். 2003 டிசம்பரில் யூனியன் பெர்லின் மோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. வருடக் கடைசி ஆட்டம் முடிந்து ஒருவருக்கொருவர் வாழ்த்துக்கூடச் சொல்லாமல் கலைந்துவிட்டோமே என்று 89 ரசிகர்கள் இருட்டில் ஸ்டேடியத்துக்குள் புகுந்து கிறிஸ்துமஸ் பாட்டுகள் பாடினார்கள். இப்போது வருடாவருடம் அதே நாளில் இருபதாயிரத்துக்கும் மேல் கூடுகிறார்கள். 89கூட உங்களுக்கு வேண்டாம், நாலு பேரும் ஒரு டிரம்மும் போதும். கிளப் அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி டிரம்முக்கு அனுமதி வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். சிறிய கிளப்காரர்கள் பெரும்பாலும் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள், காலி கேலரியில் ஆடி ஆடி அவர்களுக்கும் அலுத்திருக்கும்.

இனி கொஞ்சம் கசப்பான பக்கம். எல்லாக் குழுவும் நல்ல குழு இல்லை. எதிரணி வீரரின் நிறத்தையும் சாதி மதத்தையும் இழுத்துத் திட்டுகிற கோஷங்கள், பெண்களிடம் கேவலமாக நடப்பது, ஆட்டத்துக்கு முன்பே நிதானம் இழக்கிற அளவுக்குக் குடி, சண்டை தேடுவது எல்லாம் சில இடங்களில் உண்டு. இரண்டு மேட்சிலேயே தெரிந்துவிடும். நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஒருவர் எல்லை மீறும்போது பக்கத்தில் இருக்கிற பழைய ஆட்கள் என்ன செய்கிறார்கள்? தோளில் தட்டி அடக்குகிறார்களா, சிரிக்கிறார்களா? சிரிக்கிற இடத்தில் நிற்காதீர்கள். ஸ்டேடியத்தில் நாலு பக்கம் இருக்கிறது, இன்னொரு பக்கத்தில் குடும்பத்தோடு வருகிறவர்கள் இருப்பார்கள்.

குழுவுக்குள் அரசியலும் உண்டு, ஏமாறாதீர்கள். எங்கள் குழு ஸ்கார்ஃப் விற்ற பணக் கணக்கில் ஒருமுறை இரண்டாக உடைந்தது. ஆறு மாதம் இந்தக் கோடியில் ஒரு டிரம், அந்தக் கோடியில் ஒரு டிரம், இரண்டும் வேறு வேறு தாளம். வீரர்களே வந்து கெஞ்சினார்கள், 'ஏதாவது ஒண்ணு அடிங்க, இல்லேன்னா சும்மா இருங்க' என்று. புதிதாகப் போகிறவர் இந்த மாதிரிச் சண்டையில் ஒரு பக்கம் சாயத் தேவையில்லை. 'எனக்கு எதுவும் தெரியாது, நான் பேனர் மடிக்கிற ஆள்' என்று இருந்துவிடுங்கள், நான் அப்படித்தான் இருந்தேன்.

இன்னொரு ஆய்வு இங்கே ஞாபகம் வருகிறது. இங்கிலாந்தில் மார்க் லெவினும் குழுவினரும் 2005இல் வெளியிட்டது. மான்செஸ்டர் யுனைட்டெட் ரசிகர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடக்கச் சொன்னார்கள். வழியில் ஓட்டப்பயிற்சி செய்கிற ஒருவர் அவர்கள் கண் முன்னாலேயே தடுக்கி விழுந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டு முனகுவார், எல்லாம் நடிப்பு. அவர் யுனைட்டெட் ஜெர்சி போட்டிருந்தால் உதவி கிடைத்தது. லிவர்பூல் ஜெர்சியோ சாதாரணச் சட்டையோ என்றால் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் போனார்கள். அப்புறம் வேறு ஆட்களை வைத்து, 'கால்பந்து ரசிகராக இருப்பது எவ்வளவு நல்ல விஷயம்' என்று முதலில் யோசிக்க வைத்துவிட்டு அதே நாடகத்தைப் போட்டார்கள். இந்த முறை லிவர்பூல் ஜெர்சிக்காரருக்கும் கை நீண்டது. சாதாரணச் சட்டைக்காரர் மட்டும் கிடந்தார். நீங்கள் இப்போது அந்தச் சாதாரணச் சட்டைக்காரர். அதனால் வெட்கப்படாமல் கிளப்பின் ஸ்கார்ஃப் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு போங்கள். விலை உயர்ந்த ஜெர்சி வேண்டாம், ஸ்கார்ஃப் போதும். ரசிகர் குழுவே விற்கிற மேசையில் வாங்கினால் அங்கேயே பேச்சும் ஆரம்பித்துவிடும்.

சீசன் முடிந்ததும் மூன்று மாதம் காணாமல் போய்விடாதீர்கள், சேர்த்த மணிக்கணக்கு எல்லாம் அந்த இடைவெளியில்தான் கரையும். குழுவின் வாட்ஸாப்பில் இருங்கள், அதில் வருகிற ஆட்டக்காரர் மாற்ற வதந்திகளில் பாதியை நம்ப வேண்டாம். பல குழுக்கள் சீசன் இல்லாத மாதங்களில் தங்களுக்குள் ஆடும், ஜூனியர் அணிகளின் ஆட்டங்களுக்கும் போகும். அங்கே இருபது பேர்தான் இருப்பார்கள், இரண்டு பக்கத்துப் பெற்றோர்களையும் சேர்த்து.

கடைசியாக, கால்பந்து பெரிதாகத் தெரியாது என்று கவலைப்பட்டிருந்தீர்கள். எங்கள் டிரம் அடிப்பவர் பதினோரு வருடமாக ஒரு மேட்ச் விட்டதில்லை. ஆஃப்சைடு என்றால் என்ன என்று அவருக்கு இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியாது. லைன்ஸ்மேன் நம் பக்கம் கொடியைத் தூக்கினால் திட்டுவார், அந்தப் பக்கம் தூக்கினால் இரண்டு அடி கூடுதலாக அடிப்பார்.